கொடுத்து வச்சவ

என் அண்ணனைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி வாக்கியம் முடிவதற்குள் எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்துவிடும். அந்த இரக்கம் எனக்கு இல்லை, அவனுக்கு. இப்படி ஓர் அண்ணனை வைத்துக்கொண்டு இவள் இப்படிப் பேசுகிறாளே என்கிற இரக்கம். கடைசியில் எல்லோரும் ஒரே வார்த்தையில் வந்து நிற்பார்கள். "கொடுத்து வச்சவ நீ" என்பார்கள். நான் யாருக்கு என்ன கொடுத்தேன், எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணன் லாண்டரி வைத்திருக்கிறான். கீழே கடை, மேலே வீடு. மேலே உள்ள அறைகளில் ஒன்று என்னுடையது. என்னுடையது என்பது பேச்சுக்குத்தான். தேய்த்து முடித்தும் வாங்க ஆள் வராத துணிகளெல்லாம் அங்கேதான் தொங்கும். பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள், நீளக் கவுன்கள், எந்தக் காலத்திலோ யாரோ போட்டுவிட்டு மறந்துபோன திரைச்சீலைகள். காலையில் கண் விழித்தால் முதலில் தெரிவது முகம் தெரியாத ஒருவரின் தோள்பட்டை. சில நாள் "குட்மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன்.

என் கல்யாணம் நிலைக்கவில்லை. அதை இங்கே நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரு நாள் போன் செய்தேன். அண்ணன் டெலிவரி வேனை எடுத்துக்கொண்டு வந்தான், ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம், "பாப்பா இனிமே இங்கதான்" என்றான். அதைக் கேட்டு நான் அழுதேன், நிம்மதியில். அது எவ்வளவு நீளமான வாக்கியம் என்று அப்போது புரியவில்லை.

முப்பத்துமூன்று வயதில் நான் பாப்பா. பாப்பாவுக்கு வீட்டுச் சாவி கிடையாது. ஒரு தடவை கேட்டேன். "உனக்கு எதுக்குடா சாவி? நாங்கதான் எப்பவும் வீட்டுல இருக்கோமே" என்றான். பாப்பாவுக்குச் சம்பளமும் கிடையாது. கேட்டால் கிடைக்கும், எதற்கு என்று சொன்னால் போதும். பல் வலி என்றால் டாக்டர் அறைக்குள்ளும் கூடவே வந்து உட்கார்ந்து, எந்தப் பல் என்று அவனே சொல்வான். ஒரு தடவை பக்கத்துப் பல்லைக் காட்டிவிட்டான். நல்லவேளை, டாக்டர் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார்.

இவ்வளவையும் அவன் பாசத்தில்தான் செய்கிறான். அது எனக்குத் தெரியாதா? அதுதான் கழுத்தை நெரிக்கிறது. கெட்டவன் என்றால் கத்திவிட்டுக் கிளம்பலாம். இவனிடம் எதைச் சொல்லிக் கத்துவது?

பாட்டோடு பாட்டை ஒட்டிப் போடுகிற இந்த டிஜே ஆசை எங்கிருந்து வந்தது என்று அண்ணி ஒரு நாள் கேட்டாள். டிரையரிலிருந்து வந்தது என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து ஈரத் துண்டை என் மேல் எறிந்தாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். எங்கள் கடையில் இரண்டு டிரையர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று வெள்ளைத் துணிக்கு, இன்னொன்று கலர் துணிக்கு. கனமான துணியைப் போட்டால் இரண்டும் தொம் தொம் என்று விழுந்து விழுந்து சுற்றும். ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. கொஞ்ச நேரம் ஒன்றுக்கொன்று முன்னே பின்னே இடித்துக்கொண்டே போய், எப்போதோ ஒரு கணம் இரண்டும் சேர்ந்து விழும். சேர்ந்த சத்தம் தனிச் சத்தம். அப்புறம் மறுபடி பிரிந்துவிடும். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து நின்றபடி நான் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருப்பேன். வேறென்ன செய்வது அங்கே நின்றுகொண்டு?

அப்புறம் போனில் ஒரு ஆப் இறக்கினேன். இரண்டு வட்டங்கள், இரண்டு பாட்டு. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றின் வேகத்தை அதற்குச் சரியாகக் கொண்டுவந்து, தாளத்தின் தலையில் தலையை வைத்து, மெல்ல இதிலிருந்து அதற்கு நழுவ வேண்டும். கேட்கிறவர்களுக்கு எப்போது மாறியது என்றே தெரியக்கூடாது. யாருக்கும் தெரியாமல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற வேலை. எனக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இஸ்திரி போடும்போது நான் கோத்து வைத்ததைக் கடையில் ஓடவிடுவேன், டீச்சரின் காதில் விழுந்தது அப்படித்தான். டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு ஹாலில் பெண்களுக்கு ஆட்டமும் உடற்பயிற்சியுமாகக் கலந்து சொல்லித் தருகிறவர். வாரா வாரம் வேர்வைத் துண்டு மூட்டையோடு எங்கள் கடைக்கு வருவார். அன்றைக்கு மூட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். தோள் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"இது என்ன ஆல்பம்மா? நிக்கவே மாட்டேங்குது?"

"ஆல்பம் இல்ல டீச்சர். நான்தான் ஒட்டினேன்."

"நீயா? இந்தத் துணி மூட்டைக்கு நடுவுலயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் பெரிய கிளாஸ். பாட்டுப் போடுற ஆளு வேற வேலைக்குப் போயிட்டார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஒரு நொடி நின்னாப் போதும், எல்லாரும் தண்ணி குடிக்கப் போயிடுறாங்க. திரும்ப இழுத்துட்டு வர்றதுக்குள்ள என் உயிர் போகுது. நீ வாயேன்."

"நானா?"

"ஸ்பீக்கர் ஹால்லயே இருக்கு. பாட்டு ஒட்டுற மெஷின் மட்டும் நீ கொண்டுவா. போன்ல எல்லாம் வேணாம், நடுவுல யாராவது கூப்பிட்டா அவ்வளவுதான்."

சனிக்கிழமை சாயங்காலம். அண்ணன் இல்லாத, அண்ணி இல்லாத, உறை போட்ட தோள்பட்டைகள் இல்லாத ஓர் இடம். நடந்தே போகலாம், நடந்தே திரும்பலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பெரிய டிஜே ஆகி ஊர் ஊராகச் சுற்றுகிற கனவெல்லாம் எனக்கு இல்லை. தெருவில் தனியாக, ஒரு வேலையாக, என் வேகத்தில் நடந்து போக வேண்டும். அதை நினைத்துக்கொண்டே அன்றைக்கு ஒரே சட்டையை இரண்டு தடவை தேய்த்தேன்.

அதன் பிறகு மெஷின் படிப்புதான். முதல் மெஷின் வாங்குகிறவர்கள் செய்கிற தப்புகளைப் பற்றியே ஊர்ப்பட்ட வீடியோ இருக்கிறது. ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஆரம்பிக்கிறவருக்கு இரண்டு வட்டு போதும், நான்கு வேண்டாம். வட்டுகளுக்கு நடுவே இடமும் வலமும் தள்ளுகிற ஒரு பட்டை இருக்க வேண்டும். மீதியைப் பழைய லேப்டாப்பே பார்த்துக்கொள்ளும். கடையில் பில் போட்டுக்கொண்டிருந்து ஓய்வு பெற்ற லேப்டாப் ஒன்று என் அறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஹெட்ஃபோன். ஹாலில் எல்லோரும் ஒரு பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்போது அடுத்த பாட்டை நான் மட்டும் காதில் கேட்டுத் தயார் செய்ய வேண்டும். அதற்கு மெஷினுக்குள்ளேயே தனியாக ஒரு சவுண்ட் கார்டு வேண்டும். மலிவாகக் கிடைக்கிற சிலவற்றில் அது இருக்காது. தெரியாமல் வாங்கினால் நான் ரகசியமாகக் கேட்பதை எல்லோரும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே அப்படித்தான் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன்.

தேடித் தேடி ஒன்றைப் பிடித்துவிட்டேன். சின்னது. அண்ணி டீ கொண்டுவருகிற தட்டு அளவுதான் இருக்கும். தனி சவுண்ட் கார்டு உண்டு, ஹெட்ஃபோன் துளை முன்பக்கமே உண்டு. அளவைப் பார்த்து அந்தத் தட்டையே எடுத்து லேப்டாப்போடு தோள்பையில் வைத்துப் பார்த்தேன். ஜிப் மூடியது. "தட்டு எங்க போச்சு?" என்று அண்ணி சமையலறையில் தேடிக்கொண்டிருந்தாள்.

அண்ணனிடம் கேட்டேன். வேறு வழி இல்லை. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"நீ எதுவுமே கேக்க மாட்டியேன்னு எவ்வளவு நாள் அண்ணிகிட்ட வருத்தப்பட்டிருக்கேன் தெரியுமா? வா, இன்னைக்கே போலாம்."

"நீ எதுக்குண்ணா அலையணும்? எதுன்னு எனக்குத் தெரியும். நானே போய்..."

"நீ போனா கண்டதையும் தலையில கட்டிடுவாங்க பாப்பா. நான் பேசுறேன்."

மெஷின் கடையில் நான் சொன்னது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கடைக்காரர் வெளியே எடுத்து வைத்தார். கண்ணாடி போட்ட, சாந்தமான ஆள். நான் வட்டைத் தொட்டேன். வீடியோவில் மட்டுமே பார்த்தது விரலுக்கடியில் சுற்றியது. ஹெட்ஃபோன் மாட்டிவிட்டார். க்யூ பட்டனை அழுத்தினேன். கடையில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க, என் காதில் மட்டும் வேறொன்று. அண்ணன் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. இப்படி ஒரு நிமிஷம் என் வாழ்க்கையில் வந்ததே இல்லை என்று தோன்றியது.

"முதல்ல கத்துக்கறவங்களுக்கு இதுதாங்க சரி. நானே இதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார் கடைக்காரர்.

அண்ணன் மெஷினை ஒரு கையால் தூக்கினான். தூக்கிப் பார்த்து, கீழே வைத்து, மறுபடி தூக்கினான்.

"என்னங்க இவ்வளவு லேசா இருக்கு? விளையாட்டுச் சாமான் மாதிரி. வேற காட்டுங்க."

"அண்ணா, எனக்கு இதுதான்..."

"சும்மா இரு பாப்பா. வாங்குறது ஒரு தடவை. நல்லதா, கெட்டியா, பெரிசா இருக்கறதைக் காட்டுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பணம் கொடுக்கிறவர் யார் என்று பார்த்தார். எங்களை உள்ளே அழைத்துப் போனார். அங்கே மேஜை முழுக்கப் படுத்துக்கிடந்தது ஒன்று. நான்கு பாட்டுக்கு நான்கு சேனல், நடுவே டிவி மாதிரி திரை, லேப்டாப்பே வேண்டாம், எல்லாம் அதற்குள்ளேயே. பெரிய நடன அரங்குகளில் வைப்பதாம். கூடவே ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு. அண்ணன் அதைத் தூக்கிப் பார்க்கப் போனான். ஒரு முனை மட்டும் கொஞ்சம் எழும்பியது.

"ஆங்! இது மெஷின்" என்றான்.

வேண்டாம் என்று சொன்னேன். அண்ணா வேண்டாம்ணா என்றேன். ஆரம்பிக்கிறவளுக்கு இதில் பாதிப் பொத்தான் எதற்கென்றே தெரியாது என்றேன். விலையைப் பார்த்துத்தான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து என் தலையைத் தடவினான். கடைக்காரர் பெட்டியில் போட்டுக் கட்டும்போது என் பக்கம் திரும்பி, "கொடுத்து வச்சவங்க நீங்க" என்றார். அவர் வாயிலிருந்தும் அது வந்துவிட்டது.

இரண்டு பேர் பிடித்து மாடி ஏற்றினார்கள். என் அறைக்குள் நுழையவில்லை. வீட்டு ஹாலில், சோபாவை நகர்த்தி, ஜன்னலை அடைத்து வைத்தார்கள். மறுநாளே அண்ணி யாரும் வாங்க வராத மேஜை விரிப்பு ஒன்றை வெட்டி, ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்து அதற்கு உறை போட்டுவிட்டாள். தினமும் தூசி தட்டினாள். நல்ல பெண், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் துணியைப் போட்டதும் மெஷின் ஏதோ உடம்பு சரியில்லாமல் போர்த்திப் படுத்திருப்பதுபோல இருந்தது.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் உறையை விலக்கிக் காட்டினான். "பாப்பாவுக்கு ஆசைன்னா, விடுவனா? பாப்பா, ஒண்ணு போடு" என்பான். நான் எழுந்து போய் ஒன்று போடுவேன். அவன் பக்கத்தில் வந்து நின்று வால்யூமில் கை வைத்துக்கொள்வான். கொஞ்சம் ஏற்றினால் இறக்குவான். அவனுக்குப் பிடித்த பாட்டு வந்தால் அவனே ஏற்றுவான். இரண்டு பாட்டை நான் அழகாகக் கோக்கிற நேரம் பார்த்து, "இதை முழுசா விடேன், நல்ல பாட்டு" என்பான். வந்தவர்கள் கைதட்டுவார்கள், அவனைப் பார்த்து. அப்புறம் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு டீ குடிப்பார்கள்.

அந்த வார்த்தையை இஸ்திரி போட்டபடி பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். கொடுத்து, வச்சவ. போன பிறவியில் கொடுத்துச் சேர்த்து வைத்தவள் என்று அர்த்தம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது வேறு மாதிரி. கொடுத்தவன் அவன். வைத்திருப்பவனும் அவன். கொடுத்து, வைத்துக்கொண்டிருக்கிறான், என்னையும் சேர்த்து.

வேனில் ஏற்றி டீச்சர் ஹாலுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "ஏத்தி இறக்குனா கெட்டுப் போயிடும் பாப்பா. அவ்வளவு ஆசையா வாங்கினது" என்றான். சரி, மாற்றியாவது விடலாம் என்று அவன் டெலிவரிக்குப் போன ஒரு மத்தியானம் மெஷின் கடைக்கு நடந்தேன். தனியாக நடந்து வெகுநாள் ஆகியிருந்ததால் சாலையைக் கடக்க இரண்டு தடவை தயங்கினேன். கடைக்காரர் அன்பாகப் பேசினார்.

"தாராளமா மாத்தலாம்மா. அந்தச் சின்னது இன்னும் இங்கதான் இருக்கு. அண்ணன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"அது எனக்கு வாங்கினதுங்க."

"ஆமாமா, உங்களுக்குத்தான். பில்லு அவர் பேர்ல இருக்குல்ல" என்று போனை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் வேன் வாசலில் வந்து நின்றது. அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்துக் கடையில் எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். "சரியா ஓடலியா பாப்பா? என்கிட்டச் சொன்னா நான் வந்து கேக்க மாட்டேனா? வெயில்ல நடந்து வந்திருக்கியே" என்றான். ஜூஸைக் குடித்துவிட்டு வேனில் ஏறினேன். அடிக்கிற கையைத் தட்டிவிடலாம், ஜூஸ் நீட்டுகிற கையை என்ன செய்வது? வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

டீச்சர் ஒவ்வொரு வாரமும் கேட்டார். நானும் ஒவ்வொரு வாரமும் ஏதோ சொல்லி மழுப்பினேன். ஒரு சனிக்கிழமை காலை துண்டு மூட்டையை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வேற ஒருத்தர் கேட்டுட்டு இருக்கார்மா. எனக்கு நீதான் வேணும். ஆனா இன்னைக்குத் தெரிஞ்சாகணும். வரியா, இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் பின்னாலிருந்து வந்துவிட்டான். "என்ன டீச்சர், கீழயே நின்னுட்டீங்க? பாப்பா மெஷினைப் பார்த்ததில்லையே நீங்க? மேல வாங்க, வாங்க."

மேலே போனோம். அண்ணி டீ போட உள்ளே போனாள். அண்ணன் லேஸ் உறையை விலக்கினான். டீச்சர் வாயைப் பிளந்துவிட்டார். மெஷினைச் சுற்றி வந்தார், ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். இவர் ஒருவராவது சொல்லாமல் இருக்கட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன்.

"அடேயப்பா. கொடுத்து வச்சவ நீ" என்றார் டீச்சர்.

என் காலுக்கடியில் இருந்த கடைசிப் பலகையும் போயிற்று. சிரித்துவைத்தேன்.

"ஆனா இதை எப்படி ஹாலுக்குக் கொண்டுவருவே?" என்று டீச்சரே கேட்டார். "எனக்கு இவ்வளவு பெரிசெல்லாம் தேவையில்லையே. சின்னதா ஒண்ணு போதுமே."

"ஹாலுக்கு எதுக்கு டீச்சர்? உங்க ஆளுங்களை இங்க கூட்டிட்டு வாங்க. சோபாவை எடுத்துடறேன்" என்றான் அண்ணன் உற்சாகமாக. அப்புறம், வந்தவரைச் சிரிக்க வைக்கிற அந்தக் குரலில், "சின்னதா வாங்கிக் குடுத்தா பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவாளே!" என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தான்.

டீச்சரும் சிரித்தார். டீத்தட்டோடு வந்த அண்ணி சிரிக்கவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. சொன்னது அவன் காதிலும் விழுந்துவிட்டது.

"அதனாலதான் தூக்கித் தூக்கிப் பார்த்தியாண்ணா?" என்றேன்.

"பாப்பா, நான் சும்மா தமாஷுக்கு..."

"தமாஷ் இல்ல. சொல்லு. லேசா இருக்குன்னுதானே வேணாம்னே?"

டீச்சர் எழுந்துகொள்ளப் பார்த்தார். அண்ணி அவர் கையில் டீயைக் கொடுத்து உட்கார வைத்தாள். ஒருவேளை சாட்சிக்கு ஓர் ஆள் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

அண்ணன் உறையின் லேஸை விரலால் நீவிக்கொண்டே இருந்தான். என்னைப் பார்க்காமலேயே பேசினான்.

"அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டு வர வந்தேன்ல. தெருமுனையில நின்னுட்டு இருந்தே. கையில ஒரே ஒரு பை. பாதி ஜிப்பு மூடாம, துணியெல்லாம் பிதுங்கிட்டு. என் தங்கச்சி தெருவுல பையோட நிக்கிறா. வேனை நிறுத்தவே எனக்குக் கை வரல." லேஸிலிருந்து கையை எடுத்தான். "இனிமே உன் கையில பையே இருக்கக்கூடாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான். அது தப்பா?"

அவன் அழுதான். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்ணா, இந்த மெஷினே இருக்கட்டும், நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிவிடத்தான் முதலில் வந்தது. வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்று எனக்குத் தெரிந்தது. எல்லாப் பூட்டும் இப்படித்தான் போடப்பட்டிருந்தது, ஒவ்வொன்றும் பாசத்தோடு.

"அண்ணா, அந்த வீட்டுலேர்ந்து நான் எப்படி வெளிய வந்தேன்னு நீ ஒரு நாளும் கேக்கலயே" என்றேன்.

"எதுக்குக் கேட்டு உன்னைக் கஷ்டப்படுத்தணும்னு..."

"அங்கயும் எனக்கு எல்லாம் பெரிசு பெரிசா வாங்கித்தான் குடுத்தாங்க. கட்டில், பீரோ. எதையும் என்னால தூக்க முடியாது. அந்தப் பை மட்டும்தான் நானே தூக்கற மாதிரி இருந்துச்சு. ஒளிச்சு வச்சிருந்தேன். அது இருந்ததாலதான்ணா உனக்கு போன் பண்ணினேன். அது இல்லேன்னா நான் இன்னும் அங்கதான் இருந்திருப்பேன்."

டீச்சர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். பாப்பாவைப் பார்க்கிற பார்வை இல்லை அது. யாரோ ஒரு பெண் தன் வீட்டு ஹாலில் நிற்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். எனக்குப் பயமாக இருந்தது. அவனை இழந்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"இது எனக்குத்தானே வாங்கினே?" என்றேன்.

"உனக்குத்தான். உனக்கில்லாம யாருக்கு?"

"அப்போ இதை நான் விக்கப் போறேன். வித்துட்டு அந்தச் சின்னதை வாங்கிக்கறேன். டீச்சர், அடுத்த சனிக்கிழமை வந்துடறேன். இந்த ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கோங்க."

டீச்சர் தலையை ஆட்டினார். அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மனசைத் தேற்றிக்கொண்ட பெரிய மனிதனாக எழுந்து நின்றான்.

"சரி பாப்பா. உன் இஷ்டம். ஆனா விக்கறதை நான் பாத்துக்கறேன். உனக்கு ஆளுங்களைத் தெரியாது, உன்னை ஏமாத்திடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் இருமலாகப் போயிற்று. அண்ணி என் முதுகில் தட்டினாள். மூச்சு வந்ததும் சொன்னேன்.

"வேணாம்ணா. நானே விக்கறேன். ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான்.